டீச்சரின் வலது கால்

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, கணவன் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினான். முழங்காலுக்குக் கீழே கன்றிப்போய் ஒரு நீலத் தடம்.

"பாரு. நேத்தும் ரெண்டு விட்டே. நான் என்ன ஃபுட்பாலா?"

"தூக்கத்துல எனக்கென்ன தெரியும்?" என்றாள் அவள், வாயில் நுரையோடு.

"தூக்கத்துலதான் இப்படின்னா, முழிச்சிருக்கிறப்ப யாரை உதைக்கிறியோ."

அவள் வாயைக் கொப்பளித்தாள். பதில் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். நேற்றைக்கும் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே ஏற்றமும் இறக்கமும். உடம்பு படுக்கைக்கு வந்ததே தவிர, நல்ல தூக்கம் எங்கோ வழியில் இறங்கிக்கொண்டது.

ஊருக்கு வெளியே இருக்கும் ஃப்ளையிங் கிளப்பில் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் கிளப்பில் யாரோ ஆரம்பித்து வைத்து, எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். கோபம் வந்தால் கணவனும் அப்படித்தான் கூப்பிடுவான்.

வீட்டில் ஒரே ஒரு கார். அவன் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிற வழியில் அவளைக் கிளப்பில் இறக்கிவிடுவான். அன்றைக்கும் அப்படித்தான். முன்னால் போன லாரி லேசாகத் தயங்கியதும் அவள் வலது கால் தானாக எழுந்து கீழே விரித்திருந்த மிதியடியை அழுத்தியது. அந்த மிதியடி அவள் கால் படும் இடத்தில் நைந்து, கீழே தகரம் தெரிந்தது.

"வண்டி ஓட்டுறது நான். பிரேக் போடுறது நீ," என்றான். "மிதியடி மூணாவதா மாத்தப்போறேன், தெரியும்ல?"

"நீங்க லாரியை ஒட்டிக்கிட்டே போறீங்க."

"இவ்ளோ வருஷமா ஒட்டித்தான் போறேன். யாரை இடிச்சேன்?" லாரியை முந்தினான். பிறகு, "தங்கச்சிக்கு சனிக்கிழமை டெஸ்ட்டாமே," என்றான்.

"ம்."

"பாஸ் ஆயிடுவாளா?"

"என்கூட வர்றப்ப நல்லாத்தான் ஓட்டுறா."

"அந்தப் பேக்கரிக்காரரையும் நீ அப்படித்தான் சொன்னே."

அது குத்தியது.

என்ன விஷயம் என்றால், அவளிடம் படித்தவர்களில் இரண்டு பேர் அடுத்தடுத்து லைசென்ஸ் டெஸ்ட்டில் ஃபெயில் ஆகியிருந்தார்கள். முதலில் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. அடுத்து இந்தப் பேக்கரிக்காரர். இரண்டு பேருமே விழுந்தது ஒரே இடத்தில். ஸ்டால்.

ஸ்டால் என்றால் என்ஜின் நின்றுபோவது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அதில்லை. என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கைமேல் காற்று ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். இறக்கை அந்த நிமிஷமே வேலையை விட்டுவிடும். விமானம் கனக்கும், ஆடும், விழ ஆரம்பிக்கும். மூக்கைக் கீழே விட்டால் இறக்கை மறுபடி காற்றைப் பிடித்துக்கொள்ளும். கேட்கச் சுலபம். பூமி கீழே தெரியும்போது மூக்கை அந்தப் பக்கமே தள்ள வேண்டும் என்றால் எந்த மனுஷனுக்கும் கை வராது. அதைப் பழக்குவதற்குத்தான் வாத்தியார்.

அந்த இரண்டு பேரும் மூக்கைச் சரியாகத்தான் விட்டார்கள். தவறு வேறு இடத்தில். முழு வேகத்தில் என்ஜின் ஓட, மூக்கு மேலே பார்க்க ஸ்டால் வந்தால், விமானம் இடது பக்கம் இழுக்கும். அப்போது வலது காலால் பெடலை மிதித்து, வாலில் இருக்கும் துடுப்பைத் திருப்பி நேராக வைத்துக்கொள்ள வேண்டும். மிதிக்காவிட்டால் இடது இறக்கை தொப்பென்று சாயும். சாய்ந்ததைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பித் தூக்கப் பார்த்தால் இன்னும் மோசமாகும். ஏற்கெனவே பிடி விட்டுப்போன இறக்கையை அது மேலும் கெடுத்துவிடும். சுழற்சி அப்படித்தான் ஆரம்பிக்கும். அந்த இரண்டு பேரும் எக்ஸாமினர் பக்கத்தில் இருக்கும்போது காலை மறந்து கையால் தூக்கினார்கள். டீச்சர் பக்கத்தில் இருக்கும்போது ஒருநாளும் அப்படி ஆனதே இல்லை.

"அதுதான் எனக்குப் புரியல," என்றார் சீஃப். கிளப்பின் தலைமை வாத்தியார். நாற்காலியின் ஒரு கால் ஆடும் என்பதால் எப்போதும் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து பழகிவிட்டவர். அன்று காலை அவளைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டிருந்தார். "உங்ககூட நல்லா பண்றாங்க. எக்ஸாமினர்கூட போனா சொதப்புறாங்க. பயமா? அவர் மூஞ்சியைப் பார்த்தா எனக்கே பயமாத்தான் இருக்கு. ஆனா மத்த வாத்தியாருங்க ஆளுங்க பாஸ் ஆகுறாங்களே."

"ஒழுங்காத்தான் சார் சொல்லித் தர்றேன்."

"இல்லைன்னு சொல்லலம்மா. சனிக்கிழமை போறது யாரு, உங்க நாத்தனாரா?"

"ஆமா சார்."

அவர் டீயை ஆற்றினார். "மூணாவது ஆளும் அதே இடத்துல போச்சுன்னா, நான் உங்களைக் கொஞ்ச நாள் கீழ உட்கார வைக்கணும். புக்கிங் மேசையில. போன் எடுக்கிறது, டைம் குடுக்கிறது. என்மேல கோவிச்சுக்காதீங்க. மேல இருந்து கேட்கிறாங்க."

"கொஞ்ச நாள்னா?"

"அது எனக்கும் தெரியாது," என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

வெளியே வந்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. புக்கிங் மேசையை எட்டிப் பார்த்தாள். போன், ஒரு காய்ந்துபோன செடி, ஜன்னல் வழியே தெரியும் ஓடுபாதை. ஒருவர் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்துபோன நாற்காலி மெத்தை. அங்கே உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் ஏறுவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்தாள். தூங்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே அது அவளைப் பயமுறுத்தியது.

நாத்தனார் ஜீப்பை விட்டு இறங்கும்போதே மாட்டுத்தொழுவ வாசனை வந்தது. கணவனுக்கு நேர் இளையவள். டீச்சருக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். மாட்டு டாக்டர். ரொம்ப தூரத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் பண்ணைகளுக்குப் போய் வைத்தியம் பார்க்கிறவள். பல பண்ணைகளில் சின்ன விமானம் இறங்க மண் பாதை உண்டு. ரோட்டில் போனால் அரை நாள். போய்ச் சேருவதற்குள் பசு போய்விடும், இல்லாவிட்டால் கன்று போய்விடும். போன குளிர்காலத்தில் இரண்டும் போனது ஒரு வீட்டில். அதற்குப் பிறகுதான் அண்ணியிடம் வந்து, "எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுங்க," என்று நின்றாள்.

"தூங்கினீங்களா அண்ணி? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"உங்க அண்ணன் குறட்டை."

"நீங்க உதைக்கிறதா அவன் சொல்றான்."

"அதுக்குள்ள போன் வந்துடுச்சா?"

"எங்க வீட்டுல ரகசியம் தங்காது அண்ணி. வாங்க, ஏறலாம்."

விமானத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். எண்ணெய், எரிபொருள், இறக்கையின் ஓரம், டயர். டாக்டர் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்ப்பாள். வால் பக்கம் போனால் கன்றின் முதுகைத் தட்டுவதுபோல ஒரு தட்டுத் தட்டுவாள். கைகள் அப்படி. வயிற்றுக்குள் கைவிட்டுக் கன்றைத் திருப்பி இழுத்தெடுக்கும் கைகள். காலில் மட்டும் எப்போதும் தடித்த தொழுவ பூட்ஸ். மாற்றச் சொன்னால், "கழட்டி மாட்டுறதுக்குள்ள நேரம் போயிடும்," என்பாள்.

மேலே ஏறினார்கள். ஊர் சின்னதாகி, வயல்கள் கட்டம் கட்டமாகித் தெரிந்தன. போதுமான உயரம் வந்ததும் டீச்சர் சுற்றும் முற்றும் பார்த்து, "சரி, பவர் ஸ்டால் ஒண்ணு. எப்பவும் போல. வாயால சொல்லிக்கிட்டே பண்ணு," என்றாள்.

"மூக்கைக் கீழ விடு. வலது கால். இறக்கையை நேராக்கு. மெல்ல ஏறு. பாட்டு மாதிரி ஆயிடுச்சு அண்ணி."

"பாட்டு வேணாம். பண்ணு."

டாக்டர் பவரைத் தள்ளினாள். மூக்கு எழுந்தது. எதிரே வானம் மட்டும்தான். வேகம் குறையக் குறைய என்ஜின் சத்தம் தனியாகக் கேட்டது. எச்சரிக்கை ஊதல் மெல்ல முனக ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து டீச்சருக்கு வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாதாரணப் பிடிப்பு இல்லை, உயிர் போகிற வலி. ராத்திரி ஒழுங்காகத் தூங்காத உடம்பு, சரியாகத் தண்ணீர் குடிக்காத காலை, நேற்றைய அலைச்சல், எல்லாம் சேர்ந்து அந்த ஒரு தசையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் காலைப் பின்னுக்கு இழுத்து இரண்டு கையாலும் கெண்டைக்காலைப் பிசைந்தாள். ஒரு நொடிதான்.

விமானம் உதறியது. இடது இறக்கை கழன்று விழுந்ததுபோல் சாய்ந்தது. டாக்டரின் கைகள் ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசாகத் திருப்பின. அவ்வளவுதான், வானம் போய்ப் பூமி வந்தது. அதுவும் நிற்காமல், வயல்கள் தட்டாமாலை சுற்ற ஆரம்பித்தன.

"நான் பிடிச்சுக்கிட்டேன். விடு."

டாக்டர் விடவில்லை. கன்றைப் பிடித்த கை விடுமா?

"விடுடி," என்றாள் டீச்சர். சத்தம் போடவில்லை. இத்தனை வருஷ உறவில் அவளை ஒருநாளும் 'டி' போட்டுப் பேசியதில்லை. கை விட்டது.

பவரை முழுசாகக் குறைத்தாள். ஸ்டியரிங்கை நடுவில் வைத்தாள். வலிக்கிற அதே காலால் வலது பெடலைக் கடைசிவரை மிதித்தாள். ஸ்டியரிங்கை முன்னால் தள்ளினாள். சுற்று தயங்கி நின்றது. பெடலை நேராக்கி, இறக்கைகளைச் சமமாக்கி, வேகத்தோடு வேகமாக மெல்ல மெல்ல மூக்கைத் தூக்கினாள். அவசரப்பட்டு இழுத்தால் மறுபடி ஸ்டால்தான். வயல்கள் இருந்த இடத்துக்குப் போய் அமைதியாகப் படுத்துக்கொண்டன. உயரம் இன்னும் தாராளமாக இருந்தது. அதற்காகத்தான் உயரத்தில் பழகுவது.

டாக்டரின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்:

"இன்னைக்கு பெடல் ரிப்பேரா அண்ணி?"

"என்ன?"

"இல்ல, பெடல் போகவே இல்லையே. நான் கால் வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எப்பவும் அந்த நேரத்துல அதுவா போகும்ல. இன்னைக்கு சும்மா நின்னுச்சு."

டீச்சருக்கு ஒரு நிமிஷம் காதில் எதுவும் விழவில்லை. என்ஜின் சத்தம்கூட.

"அதுவா போகுமா?"

"ஆமா. ஸ்டியரிங்கோட சேர்த்து ஏதோ கம்பி வச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். நீங்க வலது கால் வலது கால்னு சொல்வீங்க, நான் காலை வைப்பேன், அது போகும். நான் கூடவே போவேன். அது இல்லையா?"

"தனியா ஓட்டினியே. அப்ப போச்சா?"

"தனியா போறப்ப எங்க ஸ்டால் பண்ண விட்டீங்க? சும்மா ஏறி சுத்தி இறங்கினேன். ஏறுறப்ப ஒரு பக்கமா இழுக்கும். காத்துன்னு நினைச்சேன்."

டீச்சர் தன் கால்களைப் பார்த்தாள். வலது பக்க இருக்கையிலும் ஒரு ஜோடி பெடல். இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கமும் போகும். அவள் மிதித்ததே அவளுக்குத் தெரியாது. தூக்கத்தில் கணவனின் காலை உதைத்ததும் தெரியாது. காரில் மிதியடி நைந்ததும் அவன் சொல்லித்தான் தெரியும். ஊதல் முனகியதும் இந்தக் கால் தன் பாட்டுக்கு எழுந்து போய் வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறது, எத்தனை நாளாகவோ. முன்பெல்லாம் இப்படி இல்லை. அலுப்பு ஏற ஏற, ஆட்கள் தப்புப் பண்ணட்டும் என்று காத்திருக்கிற பொறுமை குறைந்திருக்கிறது. அதை வாய் காட்டிக்கொள்ளவில்லை. கால் பார்த்துக்கொண்டது.

பேக்கரிக்காரர் நினைவுக்கு வந்தார். ஃபெயில் ஆன பிறகு அவர் கிளப் பக்கமே வரவில்லை. ரொட்டி வாங்கப் போனால் நிமிர்ந்து பார்க்காமல் மடித்துக் கொடுப்பார். "எனக்கு வயசாயிடுச்சு டீச்சர். கை சொன்னபடி கேட்கல," என்று ஒருமுறை சொன்னார். அவள், "அப்படியெல்லாம் இல்லைங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"இறங்கலாம்," என்றாள் டீச்சர்.

கீழே இறங்கியதும் டாக்டர் விமானத்தைவிட்டு வெளியே வரவே இல்லை. பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஜீப்புலயே போயிக்கிறேன் அண்ணி," என்றாள் கடைசியில். "எனக்கு வேணாம் இது. கண்ணை மூடினா வயல் சுத்துது."

"உன்மேல தப்பு இல்ல."

"யார்மேல தப்புன்னா என்ன, விழுறது நான்தானே."

டீச்சர் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். டெஸ்ட்டைத் தள்ளிப் போடலாம். இவள் ஒரேயடியாக விட்டுவிட்டால் மூன்றாவது ஃபெயிலே இல்லை, மேசையும் இல்லை. அப்படி ஒரு வழி தெரிந்தபோது, எங்கேயாவது உட்கார இடம் கிடைத்ததுபோல இருந்தது. ஆனால் இந்தப் பயத்தோடு அனுப்பிவிட்டால் பேக்கரிக்காரர் மாதிரி இவளும் தலைநிமிராமல் போவாள். அதுவும் வாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறவள்.

"அந்த பூட்ஸைக் கழட்டு," என்றாள்.

"எதுக்கு?"

"கழட்டும்மா. சாக்ஸோட ஓட்டு. பெடல் என்ன பண்ணுதுன்னு கால் பார்க்கட்டும்."

டாக்டர் முனகிக்கொண்டே கழற்றினாள். ஒரு சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

டீச்சர் தன் இருக்கையை எவ்வளவு பின்னால் போகுமோ அவ்வளவு தள்ளினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் விமானத்துக்குள் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. முழங்கால் ஒரு பக்கம் கதவில் இடித்தது.

டாக்டர் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் பயம் போகவில்லை, ஆனாலும் வாய் திறந்துவிட்டது. "சாப்பாடு பரிமாறட்டுமா அண்ணி?"

"டேக்ஆஃபுக்கு காலை இறக்கிடுவேன். மேல போய் மடிச்சுக்கிறேன். அவசரம்னா இறக்க நேரம் இருக்கிற மாதிரி உயரமாப் போவோம். நடுவுல என் கால் இறங்கினா நீ சொல்லணும்."

"சொன்னா கேட்பீங்களா? வீட்டுல கேட்கிறதில்லையே."

"உங்க அண்ணன் சொன்னாத்தான் கேட்கமாட்டேன்."

அன்றைக்கு மறுபடி ஏறினார்கள். முதலில் மூக்கைத் தூக்காமல், ஸ்டால் பக்கமே போகாமல், வெறும் பெடலை மட்டும் மிதிக்க வைத்தாள். மூக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். டாக்டருக்கு அது புதுசாக இருந்தது. "ஐயோ, இது இவ்ளோ பேசுதா," என்றாள். பிறகு மெல்லிய ஸ்டால். பிறகு பவரோடு.

ஊதல் முனகியதும் டீச்சரின் வலது கால் மடியிலிருந்து எழுந்தது.

"அண்ணி. கால்."

மடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். இறக்கை சாய்ந்தது. டாக்டரின் கை ஸ்டியரிங்கைத் திருப்பத் துடித்தது, பாதி திரும்பியும் விட்டது. "கை இல்ல. மூக்கைக் கீழ விட்டுட்டு, கால்," என்றாள் டீச்சர். சாக்ஸ் போட்ட கால் தாமதமாக, தேவைக்கு மேலாக மிதித்தது. விமானம் குடித்தவன்போல் ஆடிவிட்டு நேரானது. அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது முழுக்க முழுக்க டாக்டர் செய்தது.

வாத்தியார் வேலையிலேயே கஷ்டமானது இதுதான் என்று டீச்சருக்கு அன்று தெரிந்தது. இறக்கை சாயும்போது சும்மா உட்கார்ந்திருப்பது. மிதித்துவிட்டால் நிம்மதி. மிதிக்காமல் இருப்பதில்தான் உடம்பில் உள்ள சத்தெல்லாம் போகிறது. வெள்ளிக்கிழமைவரை தினமும் போனார்கள். ஒவ்வொரு நாளும் இறங்கும்போது அவள் நடைபிணமாகத்தான் இறங்கினாள். டாக்டருக்கோ அந்தக் கால் பழக்கம் ஒருநாள் வந்தால் மறுநாள் போய்விடும். வெள்ளிக்கிழமை கடைசி ஸ்டாலில் மறுபடி கையைத் திருப்பிவிட்டு, தானே திருத்திக்கொண்டாள்.

"நாளைக்கு இப்படிப் பண்ணினா?" என்றாள் டாக்டர்.

"இப்படித் திருத்திக்கோ," என்றாள் டீச்சர்.

சனிக்கிழமை எக்ஸாமினர் வந்தார். சிரிக்காத மனிதர். டாக்டர் விமானத்துக்குப் பக்கத்தில் நின்று பூட்ஸைக் கழற்றுவதைப் பார்த்து, "என்ன இது?" என்றார்.

"பழக்கம் சார்," என்றாள் டாக்டர். அவர் அந்தக் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

டீச்சர் எரிபொருள் கொட்டகைக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். விமானம் புள்ளியாகிப் போனது. அதன் பிறகு பார்க்க ஒன்றுமில்லை. கீழே சரளைக்கல். இப்போது மூக்கைத் தூக்குவாள், இப்போது ஊதல் முனகும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கணவன் கடையிலிருந்து போன் பண்ணினான்.

"என்ன ஆச்சு?"

"மேலதான் இருக்காங்க."

"அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"வச்சிடுங்க."

வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தபோது அவள் வலது செருப்புக்குக் கீழே சரளைக்கல் விலகி, ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. அவள் காலை எடுத்து பெஞ்சின்மேல் மடித்து வைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது விமானம் ஒரு குதி குதித்தது. எக்ஸாமினர் முதலில் இறங்கி வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"லேண்டிங் இன்னும் கொஞ்சம் பார்க்கணும்," என்றார். "மத்தபடி சரி. ஸ்டால்ல இறக்கை நல்லாவே சாஞ்சுது. முதல்ல கை போச்சு. அப்புறம் விட்டுட்டு கால்ல பிடிச்சாங்க." கொஞ்சம் யோசித்தார். "மத்த ரெண்டு பேருக்கும் கால் இல்லவே இல்ல. இவங்களுக்கு இருக்கு. பாஸ்."

சீஃப் ஜன்னலுக்குள்ளிருந்தே கட்டைவிரலைக் காட்டினார். அவள் உள்ளே போய், "சார், அந்த ரெண்டு பேர் விஷயமா ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

"அதெல்லாம் விடுங்கம்மா. முடிஞ்சு போன கதை. மேசைக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்." போன் அடித்தது. எடுத்தார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் பேச்சு முடிகிற மாதிரி இல்லை. வெளியே வந்தாள். வேலை தப்பித்துவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியாது. போய்ப் படுக்கலாம்.

"அண்ணி, பசிக்குது," என்றாள் டாக்டர். பூட்ஸ் மாட்டியிருந்தாள், கயிறு கட்டவில்லை. முகமெல்லாம் பல். "ஏதாவது வாங்கித் தாங்க. பாஸ் பண்ணியிருக்கேன்ல."

ஜீப்பில் போனார்கள். டாக்டர் நிறுத்திய இடம் பேக்கரி வாசல். வேண்டுமென்றே இல்லை. அந்தத் தெருவில் அது ஒன்றுதான் இருந்தது. டீச்சர், "வேற எங்கயாவது போலாமா?" என்றாள். அதற்குள் டாக்டர் கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டாள்.

பேக்கரிக்காரர் மாவு படிந்த கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். டீச்சரைப் பார்த்ததும் கண்ணைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டார்.

"நல்லதா ஒரு கேக் குடுங்க," என்றாள் டாக்டர். "டெஸ்ட் பாஸ் பண்ணிட்டேன்."

"சந்தோஷம்மா," என்றார் அவர். உண்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் முகம் சுண்டிப்போனது. "ஸ்டால் எல்லாம் வந்துச்சா? எனக்கு அதுலதான் போச்சு."

"நீங்களா அது?" என்றாள் டாக்டர். அண்ணியை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவளுக்கே உரிய வேகத்தில் கேட்டுவிட்டாள். "ஒண்ணு கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. அந்த நேரத்துல பெடல் தானா போகும்னுதானே நீங்களும் நினைச்சீங்க?"

பேக்கரிக்காரர் நிமிர்ந்தார். "தானாத்தானேம்மா போகும்? அன்னைக்கு எக்ஸாமினர்கூட போனப்பதான் மக்கர் பண்ணுச்சு. வண்டியைக் குறை சொன்னா நல்லாருக்காதுன்னு நான் வாயைத் திறக்கல."

உள்ளே அடுப்பு மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"தானா போகாதுங்க," என்றாள் டீச்சர். "என் கால்தான் மிதிச்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்கே இந்த வாரம்தான் தெரிஞ்சுது."

அவர் புரியாமல் பார்த்தார். புரிந்தபோது மெதுவாகக் கையைத் தூக்கி, விரல்களை விரித்துத் தானே பார்த்துக்கொண்டார்.

"நான் கை நடுங்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன் டீச்சர். ஒண்ணும் இல்லன்னாங்க. நான் நம்பல. இன்னொரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். வீட்டுல அவ, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்னு..."

"கையில ஒண்ணும் இல்ல. காலை நான் வேலை செய்ய விடல."

"இதை சீஃப்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லப் போனேன். அவர் கேட்கல. திங்கக்கிழமை போய்ச் சொல்லுவேன். அவர் என்னைக் கீழ உட்கார வச்சாலும் வைப்பார்." அவள் அங்கிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். நிற்க முடியவில்லை. "அதுக்கு முன்னாடி வர்றதா இருந்தா நாளைக்கே வாங்க. அந்த பேங்க் அம்மாவையும் கூப்பிடணும்."

அவர் கேக்கை எடுத்துப் பெட்டியில் வைத்தார். நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு ஒரே தடவையில் விழுந்தது. அதை அவரும் பார்த்தார்.

"ஷூவைக் கழட்டிட்டுத்தான் ஏறணும்," என்றாள் டாக்டர் நடுவில். "ஓட்டை இல்லாத சாக்ஸா பார்த்துப் போட்டுக்கிட்டு வாங்க."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றார் பேக்கரிக்காரர், பெட்டியை டீச்சர் பக்கம் நகர்த்திக்கொண்டே. "கடை மத்தியானத்தோட மூடிடுவேன். அதுக்கப்புறம் வந்தா பரவாயில்லையா?"

"வாங்க," என்றாள் டீச்சர். எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்போல் இருந்தது. கெண்டைக்கால் மறுபடி மெல்ல இழுக்க ஆரம்பித்திருந்தது.